மாப்பிள்ளைக்குப் பதிலாக ஒரு மீன் கேசட்

1

மேசை மேல் ஓர் ஆடியோ கேசட் கிடக்கிறது. நாமக்கல்லிலிருந்து நேற்று ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. அதன் முதுகில் என் தங்கை மலர் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாள்: "அண்ணனுக்கு மட்டும். அடக்கமாக உட்கார்ந்து கேட்கவும்."

எனக்குக் கல்யாணம் உண்டா இல்லையா என்பது அதற்குள் இருக்கிறது. போட்டுக் கேட்கலாம் என்றால் டேப் ரெக்கார்டர் இல்லை. அறைத்தோழன் ஜோஸ் அதைத் தன் கேரளத்து ஊர்க்காரர்கள் நடத்தும் பாட்டுப் போட்டிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். சாயங்காலம் வருவான். அவனுக்குப் பரிசு கிடைத்தால் இன்னும் தாமதமாகும். அந்தக் கவலை எனக்கு அவ்வளவாக இல்லை, அவன் பாடிக் கேட்டிருக்கிறேன்.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைத்தெருவில் காக்காய் கூட இருக்காது. வேறொரு டேப் ரெக்கார்டருக்கு எங்கே போவது? ஆகவே நகத்தைக் கடிப்பதற்குப் பதிலாக உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஊரில் உட்கார்ந்து "செந்தில் ஃபாரின்ல என்னதான் பண்றான்" என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், சொல்கிறேன்.

2

முதலில் ஒன்று. நான் இங்கே எண்ணெய்க் கிணறு தோண்டவில்லை. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றும் ஆலையில் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். சேலத்தில் மெக்கானிக்கல் படித்து, அப்பாவின் லாரி பாடி கட்டும் பட்டறையில் கொஞ்ச நாள் வெல்டிங் புகை குடித்து, பிறகு விமானம் ஏறியவன். அதற்கு முன்பு நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. கல்லூரிச் சுற்றுலாவில், கன்னியாகுமரியில், பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அவசரத்தில்.

எங்கள் ஆலைக்குள் கடல்நீர் வரும் குழாயின் வாய் கடலுக்கு அடியில் இருக்கிறது. அதில் சிப்பி அடைத்துக்கொண்டால் சுரண்டுவதற்கு முதுகில் சிலிண்டர் கட்டிய ஆட்கள் இறங்குவார்கள். அவர்களுக்குத் தலைவர் ஃப்ரேசர், ஸ்காட்லாந்துக்காரர், தாடிக்குள் உப்பு காய்ந்திருக்கும். வேலை இல்லாத வெள்ளிக்கிழமைகளில் எங்களைப் போன்ற பொழுதுபோகாதவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சின்ன டைவிங் கிளப் நடத்துகிறார்.

"நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்.

நாமக்கல்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? எங்கள் பக்கத்தில் கடலும் இல்லை, குளமும் வருஷத்தில் பாதி நாள் கிரிக்கெட் மைதானம். ஆனால் கிணறு இருக்கிறது. மோட்டார் ரூம் கூரை மேலிருந்து குதிக்க வேண்டும். குதித்தால் மட்டும் போதாது. அடியைத் தொட்டதற்குச் சாட்சியாக ஒரு பிடி சேறு அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். வெறுங்கையோடு வந்தவனுக்கு அன்றைக்குப் பேச்சுரிமை கிடையாது. அதற்குத் தம் கட்டிப் பழக வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் வேறெதிலும் முதலிடம் வாங்கியதில்லை. தம் கட்டுவதில் வாங்கியிருக்கிறேன்.

ஃப்ரேசரிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. "அதை மறந்துவிடு. இங்கே ஒரே சட்டம்தான். மூச்சை நிறுத்தாதே. இழு, விடு, இழு, விடு. என்ன நடந்தாலும்" என்றார். ஏன் என்றும் சொன்னார். கிணற்றில் நாம் மேலே இழுத்த மூச்சைத்தான் கீழே கொண்டு போகிறோம். கடலுக்கடியில் சிலிண்டரிலிருந்து இழுப்பது அழுத்தத்தில் இருக்கிற காற்று. அதை நெஞ்சில் பூட்டி வைத்துக்கொண்டு கொஞ்சம் மேலே எழும்பினாலும் அது விரியும். போக வழியில்லை என்றால் நுரையீரலைக் கிழித்துக்கொண்டு போகும். அளவுக்கு மேல் காற்றடித்த லாரி டியூப் வெயிலில் என்ன செய்யும் என்று பட்டறையில் பார்த்தவனுக்கு இது புரியாதா என்ன? நன்றாகவே புரிந்தது. மண்டைக்குப் புரிந்தது. நெஞ்சுக்கு யாரும் சொல்லவில்லை.

3

வீடியோ எடுக்கும் பைத்தியம் பிறகு பிடித்தது. இந்த ஊர்க் கடலுக்குள் மீன்கள் கல்யாணக் கூட்டம் மாதிரி போகின்றன. இதை வாயால் சொன்னால் ஊரில் யார் நம்புவார்கள்? உள்ளங்கை அகலத்துக்குக் கேசட் போடுகிற புது வகைக் கேமரா ஒன்று கடைக்கு வந்தது. வாங்கிவிட்டேன். அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் பெட்டியைக் கடையில் விலை கேட்டேன். கடைக்காரர் சொன்னதும் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது.

பெட்டி கட்டுவது நமக்கென்ன புதிதா? லாரிக்கே கட்டுகிற குடும்பம். ஆலையின் ஒர்க்‌ஷாப்பில் அலுமினியத் தகடு வளைத்தேன், முன்னால் கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தேன். தண்ணீர் புகாமலிருக்க மூடியைச் சுற்றி ரப்பர் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு எழுதி, லாரி டியூப்பில் பட்டையாக அறுத்து வரவழைத்தேன். மஞ்சள் பெயின்ட் அடித்தேன். நெற்றியில் "மலர்" என்று தங்கை பெயர். பின்பக்கம் "ஒலி எழுப்பவும்". எழுதாவிட்டால் அது வண்டி மாதிரியே இல்லை.

முதல் ட்ரிப்புக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துப் பெட்டியின் முன்னால் கட்டினேன். புது வண்டி எதுவும் அதில்லாமல் எங்கள் பட்டறை கேட்டைத் தாண்டியதில்லை. தரையில் அது அடக்கமாகத் தொங்கியது. தண்ணீருக்குள் போனதும் எலுமிச்சம்பழம் மேல்நோக்கி மிதந்து, நேராகக் கேமராவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. என் முதல் கேசட்டின் முதல் காட்சி கடலடியில் ஒரு எலுமிச்சம்பழம். என் கூட இறங்கிய ஜோஸ் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த குழாயை விட்டுவிடப் பார்த்தான்.

அப்புறம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். தூரத்திலிருந்து எடுத்தால் எல்லாம் ஒரே நீலம். கிட்டே போ, இன்னும் கிட்டே போ. சிவப்பு நிறத்தைத் தண்ணீர் குடித்துவிடுகிறது. ஜன்னலில் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டினால் பாதியாவது திரும்பி வருகிறது. மீனைத் துரத்தினால் வால்தான் கிடைக்கும். வாலாக மட்டுமே ஒரு முழுக் கேசட் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன். பந்தியில் இடம் பிடிக்கிற மாதிரி ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். மீன் தானாக வரும்.

எல்லாம் சரியாக வந்தும் படம் மட்டும் ஆடியது. மூச்சை இழுத்தால் உடம்பு எழும்புகிறது, விட்டால் இறங்குகிறது, கேமராவும் கூடவே. படம் பார்த்தவர்கள் படகில் போகிற மாதிரி சோபாவைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் கிணறு எனக்குக் கை கொடுத்தது. நல்ல மீன் வந்ததும் தம் கட்டினேன். படம் சுவரில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

ஒரு நாள் இறக்கை விரித்த சிங்க மீன் ஒன்றை அப்படி எடுத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு நிறையக் காற்று. நான் மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்ததே எனக்குத் தெரியவில்லை. ஜோஸ் என் காலைப் பிடித்துக் கீழே இழுத்து, முதுகில் ஓர் அறை விட்டான். காற்று வெளியே வந்தது. கரையில் அவன் சிரிக்கவில்லை.

"மச்சானே, உன் குமிழி நிக்குது. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இன்னொரு தடவை நின்னா ஃப்ரேசர்கிட்ட சொல்லுவேன். அவரு உன் சிலிண்டர்ல காத்து நிரப்ப மாட்டாரு." ஜோஸ் பேசுவது சினிமாக் கொட்டகையில் கற்ற தமிழ். ஆகவே மிரட்டல் மட்டும் சுத்தமாக வரும்.

சரி என்றேன். அப்புறம் அவன் பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டு எடுத்தேன்.

4

இந்தச் சமயத்தில்தான் வெண்ணந்தூரில் பொண்ணு இருப்பதாகத் தகவல் வந்தது. பெயர் சுமதி. தோட்டம் காடு உள்ள வீடு, கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு ராசிபுரத்தில் டீச்சர் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோ வந்தது. போட்டோவில் அந்தப் பொண்ணு கேமராக்காரரைப் பார்த்து "சீக்கிரம் எடுங்க, வேலை இருக்குது" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்திருந்தது. எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

அவர்கள் வீட்டில்தான் முடியவில்லை. எனக்கு லீவு கிடைக்க இன்னும் வெகுநாள். "பையனப் பாக்காம எப்படிங்க? போட்டோல எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்க. இப்பதான் கல்யாணத்துக்கெல்லாம் வீடியோ எடுக்கறாங்களே, நடந்து வர்ற மாதிரி ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க" என்று சுமதியின் அப்பா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அம்மா டெலிபோனில் கத்திச் சொன்னாள்: "நல்ல பேண்ட்டு சட்டை போட்டுக்கிட்டு எடு சாமி."

நான் கேட்டேனா? ரோட்டில் நடந்து காட்டுவதில் என்ன இருக்கிறது, எருமை கூடத்தான் நடக்கிறது. என் கண் எதைப் பார்க்கிறது என்று அந்தப் பொண்ணு பார்க்கட்டும் என்று ஒரு திமிர். இருந்ததிலேயே ஆடாத காட்சிகளாகப் பொறுக்கி, சென்டிமென்டுக்காக எலுமிச்சம்பழத்தை முன்னால் சேர்த்து, ஊரில் டிவியோடு சேர்த்து ஓட்டுகிற வீடியோ டெக்கில் போடும் பெரிய கேசட்டாக மாற்றி, லீவில் போன ஓர் ஆத்தூர்க்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.

மெட்ராஸ் ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் அதைத் தனியாக எடுத்து வைத்தாராம். ஏதோ புதுப்படம், திருட்டுக் காப்பி என்று சந்தேகம். உள்ளே கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஆத்தூர்க்காரர் பெட்டி மேல் உட்கார்ந்து தூங்கியே விட்டார். கடைசியில் அதிகாரி வந்து எழுப்பிக் கேட்டாராம்: "ஏன்யா, இதுல ஆளே வரமாட்டாங்களா?"

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

5

பொண்ணு பார்க்க மாப்பிள்ளையை அழைத்துப் போவது உலக வழக்கம். என் வீட்டில் டெக்கை அழைத்துப் போனார்கள். அம்பாசிடரின் பின்சீட்டில் வாடகைக் கலர் டிவி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் என் தாய்மாமா. அங்கே நடந்ததையெல்லாம் மலர் டேப் ரெக்கார்டரை டிவி மேல் வைத்துப் பதிவு செய்து எனக்கு அனுப்பினாள். அந்த முதல் கேசட்டை எத்தனை முறை கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதலில் நாற்காலி இழுக்கும் சத்தம். பிறகு மலர்: "அண்ணா, வெண்ணந்தூர்ல இருக்கறோம். ஊரே ஊட்டுக்குள்ள உக்காந்திருக்குது. பாதிப் பேரு சினிமாப் படம்னு நெனச்சு வந்தவங்க."

சுமதியின் அப்பா: "ஏப்பா, மோட்டாரை நிறுத்திப்போட்டு வா. படம் சுருங்குது பாரு." எங்கள் பக்கம் மும்முனைக் கரண்டு வந்தால் எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஓடும், டிவியில் ஆள் ஒல்லியாகிவிடுவான்.

"எலுமிச்சம்பழமுங்க" என்று ஒரு குரல். "நல்ல பக்தியுங்க" என்று இன்னொரு குரல். அம்மா பெருமையாக இருமினாள்.

கொஞ்ச நேரம் என் மூச்சு மட்டும், பொளபொளவென்று. பிறகு சுமதியின் அப்பா: "ஏனுங்க, பையன் எப்ப வருவாருங்க?"

அப்பா: "இப்ப வந்துருவானுங்க."

"அதா, அந்தத் தவளைக் காலு?"

"அது கூட்டாளியுங்க. மலையாளத்துப் பையன்."

"கூட்டாளி வர்றாரு, மாப்ள வரலீங்களே."

மாமா பேச்சை மாற்றினார்: "இந்தக் கோடு போட்ட மீனு கொழம்புக்கு ஆகுங்களா?" மாமா அதே கேள்வியை ஒவ்வொரு மீனுக்கும் கேட்டார்.

சிங்க மீன் வந்திருக்க வேண்டும், கூட்டம் அடங்கியது. அப்போதுதான் எனக்குப் புதிதான அந்தக் குரல். காபி கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்க வேண்டிய குரல்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? பொளபொளன்னு வருதே, அது அவங்க மூச்சுங்களா?"

"ஆமா கண்ணு" என்றார் அப்பா.

"படம் ஆடாம நிக்கற எடத்துல எல்லாம் அது நின்னு போயிருதுங்க."

"மலரு, திருப்பிப் போடு" என்றார் அப்பா. திருப்பிப் போட்டார்கள். பொளபொள. பொளபொள. பிறகு ஒன்றுமில்லை. டேப்பில் கூட அந்த ஒன்றுமில்லாதது கேட்டது. மாமா என்னோடு போட்டி போட்டுத் தம் கட்டியிருக்கிறார் போல. பாதியிலேயே "ஹப்பா" என்று அவர் மூச்சு வெடித்தது. "நம்மளால ஆவாதப்பா. இவன் இன்னும் உட்டபாடில்லையே" என்றார். யாரோ சிரித்தார்கள். அம்மா குரல் அதற்குப் பிறகு அந்தக் கேசட்டில் எங்கும் இல்லை.

சுமதி: "நானும் எங்க கெணத்துல சேறெடுத்தவதாங்க. எனக்கும் தம் கட்டத் தெரியும். முதுகுல காத்தக் கட்டித் தூக்கிக்கிட்டுப் போயி எதுக்குங்கய்யா மூச்சைப் புடிக்கோணும்?"

"அம்மிணி, உள்ள போ" என்றார் அவள் அப்பா.

"போறேனுங்கப்பா. படம் நல்லாத்தான் இருக்குது. இன்னொரு கேசட் அனுப்பச் சொல்லுங்க. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் மூச்சு நிக்காம கேக்கோணும். படம் ஆடினா ஆடட்டும். அதப் பாத்துட்டுத்தான் நான் பதில் சொல்லுவேன்."

மாமா விடவில்லை. "அதென்ன அம்மிணி ஐயா, ஐயான்னு? மாப்ள அப்பாவ மாமான்னு கூப்புட்டாத்தான் என்ன?"

"அதும் அந்தக் கேசட்டுக்கு அப்பறமுங்க."

கடைசியில் அப்பா டேப் ரெக்கார்டருக்கு மிக அருகில் வந்து பேசியிருந்தார். "டேய். டியூப்பு அறுத்து அனுப்புனது கேமராவுக்குள்ள தண்ணி போகாம இருக்கறதுக்கு. உம் மூச்ச அடைக்கறதுக்கில்ல." அவ்வளவுதான். கொஞ்சம் மூக்கை உறிஞ்சும் சத்தம். டேப் முடிந்தது.

6

ஜோஸ் ஒரு யோசனை சொன்னான். "நீ எப்பவும் போல எடு மச்சானே. அப்புறம் குளியலறையில உட்கார்ந்து மூச்சு சத்தத்தைத் தனியா பதிவு பண்ணி ஒட்டிரலாம்." என் காலைப் பிடித்து இழுத்தவன்தான் இவன். கல்யாணம் என்றால் மலையாளியும் மனம் மாறுவான். ஆனால் சுமதி கணக்கு டீச்சர். மூச்சுக்கு ஒரு ஆட்டம் என்று எண்ணிப் பார்க்காமல் இருப்பாளா?

ஆக நிஜமாகவே மூச்சு விட்டுக்கொண்டு எடுக்கக் கிளம்பினேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் நாள் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு வெள்ளியும் போனேன். மீன் வந்தால் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்ளும். நானே அதைத் திறக்க வேண்டும். படம் தொட்டிலில் கிடந்து எடுத்த மாதிரி வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பாறைக்கு அருகில் ஒரு கணவாய் மீன் வந்தது. சாதாரணக் கணவாய் இல்லை, முழங்கை நீளம். கோபம் வந்ததோ காதல் வந்ததோ, அதன் உடம்பில் கோடு கோடாக நிறங்கள் ஓட ஆரம்பித்தன. தீபாவளிக்குத் துணிக்கடையில் சீரியல் பல்பு ஓடுமே, அப்படி. வந்த நாளிலிருந்து நான் காத்திருந்தது இதற்குத்தான். கேமராவின் கண்ணுக்கு ஒரு சாண் தள்ளி நின்று அது என்னைப் பார்த்தது. என் நெஞ்சு பூட்டிக்கொண்டது. படம் நின்றது. ஐயோ, என்ன அழகாக நின்றது.

பொளபொள நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வெண்ணந்தூரில் ஒரு கூடம், டிவி மேல் ஒரு டேப் ரெக்கார்டர், பேசாத அம்மா.

விட்டேன். நெஞ்சிலிருந்த அத்தனையையும் விட்டேன். குமிழிகள் இரைந்துகொண்டு மேலே போயின. கணவாய் மிரண்டு, என் முகத்திலேயே மையைக் கொட்டிவிட்டுப் போனது. ஜன்னலுக்கு முன்னால் ஒரே கறுப்பு. ஒன்றும் தெரியவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. நான் அந்த இருட்டுக்குள் கிடந்து இழுத்தேன், விட்டேன், இழுத்தேன், விட்டேன்.

அதைத்தான் அனுப்பினேன். வெட்டவில்லை. கடைசியில், பேண்ட்டு சட்டையில் நான் கடற்கரையில் நடந்து வருகிற மாதிரி ஜோஸ் எடுத்ததையும் சேர்த்தேன். கொஞ்சம் எருமை மாதிரிதான் இருந்தது.

7

ஜோஸ் வந்துவிட்டான். பரிசு இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டேப் ரெக்கார்டரை மேசையில் வைத்தான். மலரின் "அண்ணனுக்கு மட்டும்" என்பதைப் படித்துக் காட்டினேன். "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

கேசட்டைப் போட்டுக் கேட்டுவிட்டேன். கேட்டதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

நாற்காலிச் சத்தம். மோட்டாரை நிறுத்தச் சொல்லும் சத்தம். பிறகு என் மூச்சு. மஸ்கட்டில் விட்ட மூச்சு வெண்ணந்தூர் போய், திரும்பவும் மஸ்கட் வந்து என் மேசை மேல் பொளபொளத்தது. மாமா, "என்னப்பா இப்படி ஆடுது, எனக்கு வவுத்தப் பொரட்டுது" என்றார். யாரும் கண்டுகொள்ளவில்லை. கணவாய் வந்தபோது எல்லாரும் ஒரே குரலில் "ஆ" என்றார்கள். மூச்சு நின்றது. அந்தக் கூடமும் நின்றது. பிறகு அந்தப் பெரிய பொளபொள.

அப்பா சொன்னார்: "அட, கரண்டு போயிருச்சாட்டங்குது."

"இல்லீங்க மாமா" என்றாள் சுமதி. "கரண்டு இருக்குதுங்க. மூச்சு கேக்குது பாருங்க."

அதன் பிறகு என் மூச்சு மட்டும். கறுப்புத் திரைக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் கழித்து அம்மாவின் குரல், யாரிடமோ: "அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையி சாமி."

நான் பட்டனை அமுக்கி, சுமதியின் அந்த "மாமா" வரைக்கும் பின்னால் ஓட்டினேன். மறுபடி போட்டேன். மறுபடி ஓட்டினேன்.

ஜோஸுக்குப் பொறுமை போய்விட்டது. "எடா, பேச்சு வேகமா போகுது, எனக்குப் புரியல. பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"கரண்டு போகலையாம்" என்றேன்.